ஊர்ப் பெயர் ஒட்டிய பாட்டில்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் சங்கக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதை ஊரில் உள்ள பள்ளிப் பிள்ளைகளிடமே கற்கலாம். தருமபுரியில் நம் பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அணியின் கூட்டம் வகுப்பு மாதிரி நடக்காது. பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு வட்டமாக உட்காருவோம். இருப்பவர்களில் சின்னவர் முதலில் பேசுவார், ஆசிரியர் கடைசியில்தான் வாய் திறப்பார். பெரியவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. வெளிநாட்டுச் சங்கக் கூட்டங்கள் களையிழப்பதற்கு இந்த வரிசை தலைகீழானதே பெரிய காரணம்.

அத்திட்டத்தில் ஒரு தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி. அதைப் பேச்சிலேயே கரைக்கக் கூடாது என்பதால் கூட்டம் ஒரு மணி நேரம், பேசுபொருள் மூன்று. அவையும் கேள்வியாகவே இருக்கும். ‘குடிநீர்’ என்று கரும்பலகையில் எழுதினால் ஆளுக்கொரு குறை சொல்லிக் கலைந்துவிடுவோம். ‘பென்னாகரம் பக்கம் எந்த ஐந்து ஊர்களின் போர்வெல் தண்ணீரை ஃபுளோரைடு சோதனைக்கு எடுப்பது?’ என்று எழுதினால் முடிவெடுத்தே தீர வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, மிஞ்சினால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும், தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது: இவ்வளவையும் இரண்டே நிமிடத்தில் சொன்ன பிறகுதான் விவாதம். ஏன் இந்த வேலை என்று தெரியாதவரை யாரும் மனம் வைத்துப் பேசுவதில்லை.

பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் நான்கு நான்கு பேராகப் பிரிந்து பத்து நிமிடம் பேச வேண்டும். வட்டம் பெரிதானால் கூச்சப்படுகிறவர் கடைசிவரை பேச மாட்டார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிடுவதுதான் ஆபத்து. பிறகு வேலைக்கு ஆள் வராது.

கூட்டம் முடியும்போது, சோதனைத் தண்ணீர் எடுத்துவர ஆளுக்கொரு பாட்டில், மேலே ஊர்ப் பெயர், கொண்டுவர வேண்டிய தேதி. பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடியோடு ஃபுளோரைடு வினைபுரிந்தால் அளவு மாறிவிடும். கையில் பொருளோடு போகிறவர் வேலையை மறப்பதில்லை. நம் சங்கத்தில் பாட்டிலுக்குப் பதில் மூன்று கட்டம் போதும்: வேலை, பெயர், நாள். அன்றிரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும். பெயர்க் கட்டத்தில் ‘எல்லோரும்’ என்று எழுதவே கூடாது. அடுத்த கூட்டம் இந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேலையை முடிக்காதவரிடம் ‘ஏன் செய்யலை?’ என்று கேட்டால் அவர் மறுபடி வரமாட்டார், ‘எது தடுத்தது?’ என்று கேளுங்கள்.

ஊரில் இருப்பவர்களையும் சேர்த்துக் கூடுவதானால் மே, ஜூனைத் தவிருங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் மாந்தோப்பில் இருப்பார்கள். ஞாயிறு மாலை 5 மணி வசதி. சிங்கப்பூரில் இரவு 7.30, துபாயில் மாலை 3.30, லண்டனில் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 11.30. ஊர்க்காரர்கள் ஒரே அறையில் இருந்தால், திரையில் இருப்பவர்களின் கருத்தை முதலில் கேட்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள். இல்லையென்றால் அறைக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள்.