மூணு கிலோமீட்டர் பந்து

போன சனிக்கிழமை ராத்திரி பரோட்டாவால் ஒரு வாக்குவாதம். ஊர் திருநெல்வேலி. கடை வண்ணார்பேட்டையைத் தாண்டி. நான் தாமிரபரணி ஆற்றுக்கு இந்தக் கரையில், மீனாட்சிபுரம். 'மூணு கிலோமீட்டருக்குள் டெலிவரி இலவசம்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பில்லில் முப்பது ரூபாய் ஏறியிருந்தது. போன் போட்டேன்.

"உங்க வீடு சரியா மூணு காட்டுது சார்."

"அதான் மூணுதானே அண்ணாச்சி?"

"மூணுக்குள்ளன்னுல்லா போட்டிருக்கு. மூணு எப்படி உள்ள வரும்?"

இதைத்தான் இருபது வருஷமாக பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு மையம், ஒரு ஆரம். ஆரத்தைவிடக் குறைந்த தூரத்தில் உள்ள புள்ளிகள் அத்தனையும் திறந்த பந்து. சரியாக ஆரத்தின் தூரத்தில் நிற்பவற்றையும் சேர்த்தால் மூடிய பந்து. அந்த மேல்தோல் மட்டும் கோளம். அண்ணாச்சி திறந்த பந்துக்காரர். என் வீடு தோலில் இருக்கிறது.

சரி என்று தூரத்தைப் பிடித்தேன். மேப்பில் நேர்கோடு போட்டால் இரண்டு சொச்சம்தான். ஆனால் பரோட்டாவைக் காக்காயா தூக்கிக்கொண்டு வரும்? சுலோச்சன முதலியார் பாலம் ஏறித்தான் வர வேண்டும். ரோட்டுத் தூரத்தில் வரைந்தால் பந்து நண்டு மாதிரி இருக்கும்: பெரிய ரோடு போகிற பக்கமெல்லாம் கால் நீட்டி, ஆற்றோரம் சப்பையாக. 1843-ல் பாலம் வருவதற்கு முன்னால் என்றால், நடக்கிறவனின் பந்து கரையோடு நின்றிருக்கும்.

அதுவும் பந்துதான். உருண்டையாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 1906-ல் பிரெஞ்சுக் கணிதர் மாரிஸ் பிரெஷே பாரிஸில் கொடுத்த ஆய்வேட்டிலிருந்தே அப்படித்தான். தூரம் எதுவாகவும் இருக்கலாம். வேறு வேறு புள்ளிகளுக்கு நடுவே பூஜ்யம் ஆகக் கூடாது, போக வர ஒன்றாக இருக்க வேண்டும், இன்னொரு இடம் வழியாகச் சுற்றினால் குறையக் கூடாது.

இரண்டாவதில்தான் இடிக்கிறது. நான் கடைக்குப் போனால் 2.7, கடையிலிருந்து வந்தால் 3. ஒருவழிப் பாதை. இதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை, பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.

இந்த வாரம் தெருமுனை டீக்கடை வாசலுக்கு வரச் சொன்னேன். 2.9. திறந்த பந்துக்குள் எந்தப் புள்ளியில் நின்றாலும் அதைச் சுற்றி ஒரு குட்டிப் பந்துக்கு இடம் இருக்கும். எனக்கு நூறு மீட்டர் கிடைத்தது. சால்னா கூடக் கொஞ்சம் கேட்டேன், கொடுத்தார்கள்.