கிளிமூக்கு மாங்காயும் விண்கலத்துக் காற்றும்: பெட்டிச் சோதனை இதுவரை

பெட்டி தயார். துணி வைக்க வாங்கும் 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிதான். மூடியைச் சுற்றி டேப், வயர் நுழையும் துளையில் எம்-சீல். உள்ளே கரியமில வாயுவை அளக்கும் எஸ்சிடி41 சென்சார் இரண்டு, ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன். வெளியே அவற்றின் எண்களைப் படிக்க ஈஎஸ்பி32 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு. இந்தச் சென்சார்கள் இரண்டுக்கும் ஒரே முகவரி என்பதால் ஒரே கம்பியில் சேர்த்தால் பேசாது. போர்டில் சென்சாரோடு பேச இருக்கும் இரண்டு ஐ2சி பாதைகளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.

ககன்யான் என்றாலே எல்லோரும் ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறோம். மூன்று பேர் மூன்று நாள் இருக்கப்போகும் அந்தச் சின்ன அறையின் காற்றுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஓர் ஆள் நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு விடுகிறார். அப்படியென்றால் மொத்தம் ஒன்பது கிலோ. ஜன்னலைத் திறந்துவிட வழியில்லை. அதை எப்படி அளப்பது, எப்படிப் பிடிப்பது என்று நானே செய்து பார்க்க ஆசை.

பெட்டிக்குள் மூச்சு விட யாராவது வேண்டுமே! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு யோசிக்கவே வேண்டாம். பறித்த பிறகும் மாங்காய் சுவாசிக்கும், பழுக்கும்போது வேகம் இன்னும் கூடும். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த கிளிமூக்கு, பழுக்க ஆரம்பித்தது, இரண்டு கிலோ வாங்கினேன்.

முதலில் சென்சாரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறைவு. சென்சார் உணர்வது தனக்குள் வரும் கரியமில வாயு மூலக்கூறுகளை. காற்று மெலிந்திருந்தால் அதுவும் குறைத்தே சொல்லும். எஸ்சிடி41-ல் உயரத்தைப் பதிவு செய்துவிட்டால் அதுவே கணக்கைத் திருத்திக்கொள்கிறது. தானாக அளவைத் திருத்தும் வசதியையும் நிறுத்திவிட்டேன். அவ்வப்போது வெளிக்காற்று படும் என்று நம்பி வேலை செய்வது அது, மூடிய பெட்டிக்கு ஆகாது.

விண்கலத்தில் ஏன் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்லாமல் மில்லிமீட்டர் பாதரசத்தில், அதாவது அழுத்த அளவில், பேசுகிறார்கள் என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் கடல் மட்ட அழுத்தம். அங்கே 3 மி.மீ. என்றால் ஏறக்குறைய 3950 பிபிஎம். அப்பல்லோ கலத்தில் அழுத்தம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் கிட்டத்தட்ட முழு ஆக்சிஜன். அதே 3 மி.மீ. அங்கே 11,600 பிபிஎம் ஆகிவிடும். ரத்தத்துக்குத் தெரிவது விகிதம் இல்லை, அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம், அதாவது பகுதி அழுத்தம்தான். நம் வெளிக்காற்றில் அது 0.3 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கிறது. 2014-ல் வெளியான நாசா ஆய்வு ஒன்று, நிலையத்தில் தலைவலி வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குள் இருக்க, ஏழு நாள் சராசரி 2.5 மி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டது.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒரு சென்சாரை மாங்காய்களுக்குப் பக்கத்தில் அடியிலும், இன்னொன்றை மூடிக்குக் கீழேயும் ஒட்டினேன். ஃபேனை நிறுத்தி வைத்தால் கீழே 1900 பிபிஎம் காட்டும்போது மேலே 1500. ஃபேனைப் போட்டதும் ஓரிரண்டு நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பெட்டி ஒன்றுதான், ஆனால் சென்சார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. பூமியில் இந்த வித்தியாசம் ஓரளவு தானாகவே தீரும், சூடான காற்று மேலே போய் மற்றதோடு கலந்துவிடும். எடையில்லாத இடத்தில் அது நடக்காது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும். தூங்கும் வீரருக்கு ஃபேன் காற்று நிற்கக்கூடாது என்பது சொகுசுக்காக இல்லை. சுவரில் மாட்டிய கருவி நல்ல எண் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மோசமான காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கலாம். இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்ததிலேயே முக்கியமானது இதுதான்.

அப்புறம் சுண்ணாம்பு. கரியமில வாயுவைப் பிடிக்க அப்பல்லோவில் லித்தியம் ஹைட்ராக்சைடு வைத்தார்கள். ஒரு கிலோ, கணக்குப்படி 0.92 கிலோ கரியமில வாயுவைப் பிடிக்கும். நீற்றிய சுண்ணாம்பு 0.59 கிலோதான் பிடிக்கும். எடை முக்கியமான இடத்தில் லித்தியம் ஜெயிப்பது இதனால்தான். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை லேசாக ஈரப்படுத்தி ஒரு தட்டில் பரப்பி வைத்தேன். (கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.) எண்ணிக்கை இறங்கியது, ஆனால் மெதுவாக. ஃபேன் காற்று தட்டின் மேல் படும்படி திருப்பியதும் வேகம் கூடியது. கொஞ்ச நேரத்தில் மேலே ஏடு கட்டிக்கொண்டது, அடியில் இருந்த சுண்ணாம்புக்குக் காற்றே போகவில்லை.

என் சென்சாருக்கு ஒரே ஒரு வாயுதான் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அதே மாங்காய் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீனும் விடுகிறது, திரையில் அதன் சுவடே இல்லை. ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 1996-97-ல் வளர்த்த கோதுமை கதிர் விட்டும் மணி பிடிக்கவில்லை. காற்றில் சேர்ந்திருந்த எத்திலீன்தான் காரணம். 2007-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ஐரோப்பிய கருவி அனிட்டா, அகச்சிவப்பு ஒளியால் 30-க்கும் மேற்பட்ட வாயுக்களை ஒரே நேரத்தில் பார்த்தது. அப்படியொரு கருவி ஏன் தேவைப்பட்டது என்று அந்தக் கோதுமைக் கதை சொல்லிவிடுகிறது.

மாங்காய் சீசன் முடிவதற்குள் அடுத்த வேலை: சுண்ணாம்பைப் பொடியாக வைக்காமல் உருண்டைகளாகப் பிடித்து, இரண்டு முனையிலும் வலைத்துணி கட்டிய பிவிசி குழாய்க்குள் போட்டு, ஃபேனால் காற்றை அதன் வழியாக இழுப்பது. குழாய்க்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் குறைய ஆரம்பிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளப் போகிறேன். விண்கலமாக இருந்தால் கரியமில வாயுவைப் பிடிக்கும் டப்பாவை மாற்ற வேண்டிய நேரம் அது.