முழு அறிக்கை எங்கே?

பெரிய தலைவர் ஒருவர் மேல் விசாரணை என்றால் ஒரு வாரம் டிவியில் அமளி, அப்புறம் பேச்சு மூச்சு இருக்காது, அறிக்கையைக் கேட்டால் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்பார்கள்.

அமெரிக்காவில் 2016 அதிபர் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டையும் அதில் டிரம்ப் தரப்புக்குத் தொடர்பு உண்டா என்பதையும் விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் 2019 மார்ச் 22-ல் தன் அறிக்கையைக் கொடுத்தார். இரண்டே நாளில், டிரம்ப் நியமித்த அட்டர்னி ஜெனரல் (நீதித்துறைத் தலைவர்) வில்லியம் பார் அதன் சாரம் என்று நாலு பக்கக் கடிதம் வெளியிட, டிரம்ப் தரப்பு வெற்றி முழக்கமே போட்டுவிட்டது. அந்தக் கடிதம் அறிக்கையின் உள்ளடக்கத்தை முழுதாகக் காட்டவில்லை என்று முல்லரே பாருக்கு எழுதினார். ஆனால் 448 பக்க அறிக்கை, ஆங்காங்கே கறுப்பு பூசி, ஏப்ரல் 18-ல்தான் வெளிவந்தது. அதற்குள் பாதி ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. முதலில் காதில் விழுவதுதானே மனதில் நிற்கிறது?

இதற்கு மாறாக, தென்னாப்பிரிக்காவில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா ஆட்சிக்கால ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையம் 2018-லிருந்து சாட்சி விசாரணையை டிவியில் நேரலையாகவே காட்டியது. ஜூமா நடுவில் எழுந்து போனதையும் ஜனங்கள் பார்த்தார்கள். மறுபடி வர மறுத்ததற்கு 2021-ல் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை.

சரி, எல்லாவற்றையும் அப்படியே கொட்ட முடியாது, சாட்சியின் உயிருக்கு ஆபத்து என்றால் பெயரை மறைக்கத்தான் வேண்டும். ஆனால் எதை மறைப்பது என்று விசாரிக்கப்படுபவரின் ஆட்களே முடிவு செய்வது என்ன நியாயம்? அதை ஒரு நீதிபதியிடம் விடுங்கள், வெளியிடும் தேதியையும் முதல் நாளே அறிவியுங்கள்.