சுங்கை சிப்புட்டிலிருந்து தென்துருவம்: தம்பியின் நடை

2024 அக்டோபர் 6, ஞாயிறு

விடியற்காலையிலேயே தம்பி இடுப்பில் கயிறு கட்டி, இரண்டு பழைய கார் டயர்களைச் செம்பனைத் தோட்டத்து மண்சடக்கில் இழுத்துக்கொண்டு போனான். பனியில் சாமான் ஏற்றிய சறுக்குவண்டி இழுக்கப் போகிறவர்கள் இப்படித்தான் பழகுவார்களாம். தென் அகலாங்கு 89 பாகையிலிருந்து தென்துருவம் வரை 111 கிலோமீட்டர் நடக்கப் போகிறான். குலை வெட்டப் போன அண்ணன்மார் மோட்டார் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார்கள். காது கேளாத பிள்ளைகளுக்காக என்றதும் ஒருவர் பத்து வெள்ளியை எடுத்து நீட்டினார்.

அக்டோபர் 20, ஞாயிறு

காது கருவி வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. பிள்ளை வளர வளரக் காதும் வளரும். காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து கருவி கீச்சென்று கத்தும். புது அச்சு எடுக்க வேண்டும். பேட்டரி சில நாளில் தீரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை இறங்கிக் கருவி கெடும்; இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். இந்தச் செலவு தாங்காமல் கருவி அலமாரியில் கிடக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். தம்பி திரட்டும் பணம் இதற்கும் சேர்த்துத்தான்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது மருத்துவர்களின் கணக்கு. என் மகளுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு மூன்று வயது. அதுவரை எந்த மொழியும் அவளிடம் போய்ச் சேரவில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

அங்கே முகமூடியும் கண்ணாடியும் போட்டுக் காற்றில் நடந்தால், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காதாம். கையால்தான் பேச வேண்டும். சரி, அதற்கு நம் பிள்ளைகளை விட நல்ல வாத்தியார் யார்? கோயில் மண்டபத்தில் இன்று பாடம் நடந்தது. தடித்த கையுறைக்குள் விரல் தெரியாது என்பதால், மகளே யோசித்து முழுக்கையையும் வீசிக் காட்டும்படி மாற்றிக் கொடுத்தாள்: நில், பசிக்கிறது, விரல் மரத்துவிட்டது. சரியாக வரும்வரை மாமாவை விடவில்லை.

அப்புறம் ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். சைகை பழகினால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை அக்கா என்றேன். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே மலேசியச் சைகை மொழியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டில் நாம் ஏற்க வேண்டாமா? அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

தம்பி சிலியின் புந்தா அரெனாஸில். வானிலை தெளிந்தால் விமானம்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

துருவத்தைத் தொட்டுவிட்டான்! செயற்கைக்கோள் தொலைபேசியில் சில வரிகள் வந்தன. பனிக்கட்டி மேலேயே 2,835 மீட்டர் உயரம், மூச்சு வாங்குகிறதாம். வழியில் ஒரு நாள் விரல் மரத்துப்போய், பாப்பா சொன்னபடி கையை வீசியதும் எல்லாரும் நின்று கூடாரம் போட்டார்களாம். அவளிடம் காட்டினேன். எந்தக் கை, இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்கச் சொன்னாள். கேட்டு எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஈப்போவில் பிள்ளைகளுக்குக் காது அச்சு எடுக்கிறார்கள். வேன் காலை ஏழு மணிக்குக் கோயில் முன்னால் நிற்கும். பெற்றோரில் ஒருவராவது கூட வாருங்கள்.