கண்ணாடியின் முதுகு

கழன்று விழுந்த சுவர்க் கண்ணாடியைத் திருப்பினால், முதுகெல்லாம் கறுப்புத் திட்டு.

ஒட்டிய சிலிக்கான் பசையின் வேலை. பிழியும்போது வினிகர் வாடை அடிக்கிற வகை, காய்கையில் அசிட்டிக் அமிலம் விடும். அது பின்பூச்சைத் தாண்டி வெள்ளிப் படலத்தையே அரித்துவிடும்.

செய்தித்தாள் குழலால் சூரியக் கதிர்ச் சட்டம் செய்து கண்ணாடியை ஒட்டப் போகிறீர்களா? கடையில் 'நியூட்ரல்' சிலிக்கான், அதாவது அந்த அமிலம் விடாத வகை, என்று கேட்டு வாங்குங்கள். இந்தச் செலவில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடக்கிறது. 6 அங்குல வட்டக் கண்ணாடிக்கு 10 அங்குல அட்டைப்பெட்டி வட்டம் 2. ஒன்றின் உள்மடிப்பு வரி நெடுக்கே, மற்றதன் வரி குறுக்கே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பசை காயும்போது அட்டை வளையும்.

பழைய செய்தித்தாளைக் கம்பியில் இறுக்கிச் சுருட்டி 40 குழல். கண்ணாடி விளிம்பைச் சுற்றிச் சூரியக் கதிர்போல ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டைமேல் 2 அங்குலப் பிடிமானம் வேண்டும், குறைந்தால் தொங்கும்.

மாட்டும் கயிற்றை அட்டையில் துளையிட்டு முதலிலேயே கட்டிவிடுங்கள். ஒரு நாள் படுக்கவைத்த பிறகே சுவருக்கு.