கொடுமுடி: கே. பி. சுந்தராம்பாளின் ஊரில் ஒரு பகல்

ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் பயணிகள் ரயிலில் சுமார் 40 கி.மீ. போனால் கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலுக்கும் அங்குள்ள வன்னிமரத்தடிப் பிரம்மாவுக்கும் வருகிறவர்களே மிகுதி. நான் இறங்கியது, ஊர்ப்பெயரையும் தாய் பாலாம்பாளின் பெயரையும் முன்னெழுத்துகளாகக் கொண்ட கே. பி. சுந்தராம்பாளுக்காக. 1908-இல் பிறந்த அவர், வறுமையின் காரணமாக ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமியாக இருந்தபோதுதான், ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப். ஜி. நடேச ஐயரின் காதில் அந்தக் குரல் விழுந்ததாகச் சொல்வார்கள். அதன்பின் நாடகக் கம்பெனி, இலங்கை மேடைகள், உடன் நடித்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு காதல், திருமணம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் தரை டிக்கெட்டின் கடைசி வரிசை வரை எட்டப் பாட வேண்டிய காலம் அது, இருவருமே மேல்சுருதிக்காரர்கள்.

1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறி, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அவரது திரைவாழ்வு முழுவதையும் வடிவமைத்தது அந்த முடிவுதான் என்பது என் எண்ணம். 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடமே பூண்டார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அந்நாளில் நம்ப முடியாத தொகை. மணிமேகலை துறவி, 1953-இல் ஜெமினியின் ஔவையார் மூதாட்டி, ‘பூம்புகார்’ படத்தின் கவுந்தியடிகளும் துறவியே. கதாநாயகனின் தயவின்றி, குரலை மட்டும் நம்பி உச்ச நட்சத்திரமாக நின்ற வேறொரு தமிழ் நடிகை என் நினைவுக்கு எட்டவில்லை.

கோயிலை ஒட்டிய காவிரிப் படித்துறைக்கு நான் போனது பங்குனியில். பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்போர் இடுப்பளவு நீரில் நின்று செம்புகளை நிரப்பி, வாயைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையாராக வந்து அவர் பாடியது, கோபித்துக்கொண்டு பழனிமலை ஏறிய அதே முருகனிடம்தான். பிறந்த ஊரின் தண்ணீர் ஆண்டுதோறும் பழனிக்குப் போவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பார் அல்லவா. அந்தப் பாட்டில் பக்தியைவிட வீட்டுப் பாட்டியின் உரிமையே எனக்கு அதிகம் கேட்கிறது.

அரசியலும் அவரை விடவில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவிட, சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று அவர் கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டார் என்ற கதையை ஊரில் இன்றும் சுவைபடச் சொல்கிறார்கள்.

1970-இல் பத்மஸ்ரீ வந்தது, 1980-இல் மறைந்தார். சம்பாதித்ததில் சொந்த ஊரில் ஒரு திரையரங்கமும் கட்டினார். அதை 1969-இல் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். ஜோடிப் பாட்டே வேண்டாமென்றிருந்தவர் கட்டிய அரங்கின் திரையில் எத்தனை ஜோடிகள் ஆடிப் பாடினார்களோ, அதை அவர் தடுத்ததாகத் தெரியவில்லை.