ஒன்பது என்றால் ஒன்பதேகால்

முதல் வாரத் திங்கட்கிழமை. வகுப்பு ஒன்பது மணிக்கு என்று அட்டவணையில் இருந்தது. எட்டு ஐம்பதுக்கே போய் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது ஆனது, ஈ காக்கை இல்லை. ஒன்பது ஐந்து ஆனது. வகுப்பை ரத்து செய்திருப்பார்கள், நமக்கு மட்டும் சேதி வரவில்லை என்று முடிவுகட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் எனக்கு எதிரே சாரிசாரியாகப் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். அப்போதும் உறைக்கவில்லை. நேராக அறைக்குப் போய் ரசம் வைத்தேன்.

மறுநாள் ஒரு சீனியர் அட்டவணையைக் காட்டிக் கேட்டார்: "மணிக்குப் பக்கத்தில் சி.டி. என்று ரெண்டு எழுத்து இருக்கே, பார்க்கலையா?" லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. அது இருந்தால் கால் மணி நேரம் தள்ளித்தான் பாடம் தொடங்கும். எஸ்.டி. என்று போட்டிருந்தால் சொன்ன நேரத்துக்கு. ஜெர்மனி என்றாலே கடிகாரம் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். 1409இல் தொடங்கிய லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தாமதத்துக்குக்கூட ஒரு சுருக்கெழுத்து இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது ஆறாவது வாரம், நவம்பர். நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. இந்த வாரக் கதையைச் சொல்கிறேன்.

திங்கள் காலை வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதான். முதல் நாள் பேராசிரியர் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். இப்போது நானும் தட்டுகிறேன், கொஞ்சம் பலமாகவே.

சாயங்காலம் நிக்கோலாய் தேவாலயத்துக்குப் போனேன். திங்கள்தோறும் ஐந்து மணிக்கு அங்கே அமைதிக்கான ஜெபம் நடக்கிறது. இது கிழக்கு ஜெர்மனியாக இருந்தபோது, 1980களில் தொடங்கிய வழக்கம். 1989 அக்டோபர் 9 அன்று அந்த ஜெபம் முடிந்து வந்தவர்களோடு ஊரே சேர்ந்துகொண்டு, எழுபதாயிரம் பேர் வட்டச்சாலையில் நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்திருக்கிறது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனால் உள்ளே என் கண் மேலேதான் போனது. வெள்ளைத் தூண்கள் உச்சியில் பச்சை மட்டைகளாக விரிகின்றன. பனங்காட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதே மாதிரித் தூண் ஒன்றை வெளியே முற்றத்திலும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

செவ்வாயும் புதனும் படிப்போடு போயின. வாராவாரம் கணக்குத் தாள் கொடுக்கிறார்கள். அதில் பாதி மதிப்பெண்ணாவது தேறினால்தான் கடைசித் தேர்வை எழுத முடியும். நூலகத்திலிருந்து இரவு வெளியே வந்தால் 'பவுலினும்' என்ற பல்கலைக்கழகக் கட்டடம் நீலக் கண்ணாடியாக மின்னும். பார்க்கத் தேவாலயம் போலவே கட்டியிருக்கிறார்கள், காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் இருந்த பழைய தேவாலயம் இரண்டாம் உலகப் போரில்கூடத் தப்பியது. அதை 1968 மே 30 அன்று அன்றைய அரசே வெடிவைத்துத் தகர்த்தது.

வியாழன் சமையல் சாமான் வாங்கும் நாள். வந்த புதிதில் தயிர் என்று நினைத்து குவார்க் என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியை வாங்கி, சோற்றில் பிசைந்து, சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றதை என் அறைத்தோழி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போது ஐசன்பான் தெருவில் உள்ள துருக்கிக் கடைதான் கதி. அங்கே கிடைக்கும் தயிர் நம் வீட்டுத் தயிருக்குச் சித்தப்பா முறையாவது வரும். கறிவேப்பிலைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

வெள்ளி மாலை தோமாஸ் தேவாலயம். இசையமைப்பாளர் பாக் 1723 முதல் சாகும்வரை, 1750 வரை, இங்கேதான் இசைப் பொறுப்பில் இருந்தார். அவர் கல்லறையும் இங்கேதான். அவருக்கு ஐந்நூறு வருஷம் முந்தியே, 1212இல், தொடங்கிய சிறுவர் பாடகர் குழு இன்னும் பாடுகிறது. பாட்டு பின்பக்க மாடத்திலிருந்து வருவதால் நாம் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, குரல் முதுகுப் பக்கம் இறங்குகிறது. எனக்கு மேற்கத்திய சங்கீதம் பிடிபடாது. ஆனாலும் இரண்டு இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. தட்டுவதற்கு மேசையும் இல்லை.

சனிக்கிழமை காலிப் பாட்டில்களைக் கடை இயந்திரத்தில் போட்டு, வாங்கும்போது கட்டிய முன்பணத்தை ஒன்றுக்கு 25 சென்ட் வீதம் மீட்டேன். ஊரில் பழைய பேப்பர்க்காரரிடம் பேரம் பேசிய பரம்பரைக்கு இது தனி ஆனந்தம். அந்தக் காசில் ஒரு காபி குடித்துவிட்டு, நெப்போலியன் தோற்ற 1813 போரின் நினைவுச்சின்னத்துக்குப் போனேன். 91 மீட்டர் உயரம், 500 படி. ஏறினேன். காற்று அடித்தது. இறங்கினேன்.

ஞாயிறு கடை கிடையாது, சத்தம் கூடாது. ரயிலேறிப் பக்கத்து ஊரான ஹாலேவுக்குப் போனேன், முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. என் ஊர் பொறையார். தரங்கம்பாடிக்குக் கூப்பிடு தூரம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்தது ஹாலேயில்தான். முதலில் போன தமிழ் அச்செழுத்துகளையும் ஹாலேயில்தான் வார்த்து, கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். 1714இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞனும் கூட வந்தான். அவன் இந்த ஊர்க் குளிரை எதைப் போர்த்திக்கொண்டு தாங்கினானோ, நான் மூன்று ஸ்வெட்டரோடு போனேன்.

ஃபிராங்கே என்பவர் கட்டிய பழைய அனாதை இல்லத்தின் மேல்தளத்தில் அதிசயப் பொருள்கள் அறை இருக்கிறது. மேலே முதலை ஒன்று தொங்குகிறது. சுற்றிலும் வர்ணம் தீட்டிய அலமாரிகள், சங்கு, பாம்பு, செருப்பு என்று உலகத்திலிருந்து அனுப்பியதெல்லாம். ஓர் அலமாரி நம் கரையிலிருந்து வந்த சாமான்களுக்கு. அதில் ஓலைச்சுவடி.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "என் தாய்மொழி" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே. பிறகு குனிந்து பார்த்தால், புள்ளி இல்லை. ககரமா சகரமா தெரியவில்லை. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, அதுவும் தெரியவில்லை. இரண்டு மூன்று எழுத்துகள் பிடிபட்டன, சொல்லாகச் சேரவில்லை. பாட்டி பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில், "கையெழுத்து மோசம்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தரங்கம்பாடியப் பாக்க அவ்வளவு தூரம் போனியாடா? இங்க சீகன்பால்கு சர்ச்சுக்குள்ள ஒரு தடவ வாடான்னா, வெயிலுன்னு சொல்லி வாசல்ல நின்னு ஐஸ் சாப்பிட்ட பய நீ" என்றாள்.